சர்வர் உள்ளேயா, ஜாப் ஒர்க்கா?

ஆர்டர் முதல் சம்பளம் வரை எல்லாக் கணக்கையும் பார்க்கிற ஈ.ஆர்.பி. சாப்ட்வேரை, நெட் வழியாக வெளியாருடைய கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கிளவுடுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களுக்குச் சொந்த டையிங் இருக்குதுங்களா?" என்றுதான். வந்தவர் கொஞ்சம் முழிப்பார். கம்ப்யூட்டர் கேள்விக்கும் சாயப்பட்டறைக்கும் என்ன சம்பந்தம் என்று.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இ.டி.பி., அதாவது கம்ப்யூட்டர் பிரிவு, பார்க்கிறேன். 1999-இல் பாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் சாப்ட்வேரில் சம்பளப் பட்டியல் அடிக்கச் சேர்ந்தேன். இப்போது கம்பெனியில் எல்லாருக்கும் "சிஸ்டம் அக்கா". இடையில் நான்கு சாப்ட்வேர் மாறியது, மூன்று சர்வர் செத்தது. கிளவுடுக்கு ஒரு தடவை அவசரப்பட்டுப் போய், பாதியைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி யோசித்துப் போனோம். அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பம்ப் செய்கிறவர்களும் கரூரில் பெட்ஷீட் அனுப்புகிறவர்களும் தொழிலின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

டையிங்குக்கு வருகிறேன். நம்மூரில் எல்லா வேலையையும் உள்ளேயே வைத்திருக்கிற கம்பெனி குறைவு. வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்து வாங்குவோம், அதுதான் ஜாப் ஒர்க். நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறோம், துணியை டையிங்குக்கு, அங்கிருந்து துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பாக்டிங்குக்கு, அப்புறம் பிரிண்டிங்குக்கு. ஆனால் கட்டிங்கை வெளியே விட மனசு வராது. துணி வீணாவது அந்த டேபிளில்தான், அது கண் முன்னால் நடக்க வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது, ஒரே பட்டறையை நம்பியிருந்தவர்கள் துணியை வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியூரில் முன்பே பழக்கம் வைத்திருந்தவர்கள் எப்படியோ ஷிப்மென்ட்டை அனுப்பினார்கள். கிளவுட் என்பது கம்ப்யூட்டர் வேலையை ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, கொடுத்த நூல் எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. விற்க வருகிறவர் மடிக்கணினியைத் திறந்ததும் அதை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

விற்பவர்கள் பத்து வகை சொல்வார்கள். மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஒன்று, நம் கட்டடத்தில் நம் சர்வர். இரண்டாவது, வேறொருவருடைய டேட்டா சென்டரில் மெஷினை வாடகைக்கு எடுத்து, நம் சாப்ட்வேரை அப்படியே அதில் ஏற்றுவது. ஷெட்டை வாடகைக்குப் பிடித்து நம் பவர் டேபிளை, அதாவது தையல் மெஷின் வரிசையை, நாமே போட்டு ஓட்டுவது மாதிரி. ரிப்பேர், பேக்கப், பாஸ்வேர்டு எல்லாம் நம் தலையில்தான். மூன்றாவது, சாப்ட்வேரையே மாத வாடகைக்கு எடுப்பது. துணியைக் கொடுத்தால் பீஸாக வரும், ஆனால் பேட்டர்ன் அவர்களுடையது. வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ அவர்கள் மாற்றுகிறபோது நாமும் மாற வேண்டும், இந்த மாதம் ஷிப்மென்ட் அதிகம் என்று தள்ளிப்போட முடியாது. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துத்தான் பலரும் தவறுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

நீள நோட்டு

அதற்கு ஒரு நீள நோட்டு எடுங்கள். எக்செல் வேண்டாம். எக்செல் என்றால் நீங்களே உட்கார்ந்து நிரப்பிவிடுவீர்கள். நோட்டென்றால் நடந்து போய்க் கேட்பீர்கள். இடது பக்கம் வேலைகளை எழுதுங்கள்: ஆர்டர், காஸ்டிங், நூல் கொள்முதல், ஜாப் ஒர்க் டிசி (சரக்கோடு போகிற டெலிவரி சலான்), கட்டிங் பதிவு, வருகை, பீஸ் ரேட் சம்பளம், பில், கணக்கு. பக்கத்தில் இரண்டு கட்டம். இது எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும்? எத்தனை மணி நேரப் பதிவு அழிந்துபோனால் மறுபடி உட்கார்ந்து அடிக்க முடியும்? இவை இரண்டும் வேறு வேறு கேள்வி. காஸ்டிங் ஒரு நாள் நின்றாலும் குடி முழுகாது, ஆனால் பையரிடம் பேசி முடித்த விலை ஒரு மணி நேரத்துக்குரியது அழிந்தாலும் நஷ்டம்.

முதலாளியிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நிக்கவே கூடாது" என்பார். அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேளுங்கள். எங்கள் கேட்டில் டிசி போடுகிற அண்ணனிடம் கேட்டபோது, "அரை மணி நேரமுங்க. அதுக்கு மேல போனா லாரி ரோட்ல நிக்கும், எதிர்த்த கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்துருவான்" என்றார். கணக்குப் பிரிவில் கேட்டேன். ஒரு நாள் முழுக்க நின்றாலும் பரவாயில்லையாம், 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மட்டும் நிற்கக் கூடாதாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கெடு. இப்படிப் பதில் வர வர, எது எங்கே இருக்க வேண்டும் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

இந்த நோட்டு இல்லாமல்தான் முதல் தடவை நாங்கள் மாறினோம். எல்லாம் ஒரே மூச்சில், மூன்றாவது வகைக்கு. ஏழு மாதம் நன்றாகத்தான் ஓடியது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்தது.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். வாரச் சம்பளம். அன்றைக்கு போனஸும் சேர்ந்திருந்தது, 640 பேருக்கு. காலை பதினொன்றேகால் மணிக்கு வெளியே ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிய ஜே.சி.பி. கேபிளை அறுத்துவிட்டது. எங்களிடம் இரண்டு லைன் இருந்தது, இரண்டு வேறு வேறு கம்பெனியிடம் வாங்கியது. அதனால் நான் பதறவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, இரண்டு ஒயரும் ஒரே பள்ளத்தில் வந்திருக்கின்றன.

வருகைப் பதிவு, பீஸ் கணக்கு, முன்பணப் பிடித்தம் எல்லாம் மும்பையில் இருக்கிறது. என் கையில் ஒரு போன். அதன் ஹாட்ஸ்பாட்டில் ஒவ்வொருவருக்காகத் திறந்து பார்த்தால் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். 640 பேருக்கு இருபத்தோரு மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கெல்லாம் மாடிப்படி முழுக்க ஆள். தேனி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த ஓவர்லாக் டைலர் ஒருத்தி, பையும் கையுமாக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடைசியில் முதலாளி பெரியய்யாதான் கீழே இறங்கி வந்தார். கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு அவரவர் சட்டைப் பை நோட்டை எடுக்கச் சொன்னார். அதில் இருந்த பீஸ் கணக்கை வைத்து, ரவுண்டாக ஒரு தொகையைக் கொடுத்து, மிச்சம் தீபாவளிக்கு அப்புறம் என்று கையெழுத்து வாங்கினோம். முடிக்க இரவு பத்தரை. பிறகு அந்தக் கணக்கை நேர் செய்ய எனக்கு மூன்று வாரம். எல்லாரும் போன பிறகு அவர் கேட்டார், "ஏனம்மணி, நம்ம கணக்கெல்லாம் இப்ப எந்த ஊர்ல இருக்குது?" "பம்பாய்லைங்கய்யா." "நாம யாராச்சும் போய்ப் பாத்திருக்கறமா?"

இப்போது வருகை, பீஸ் ரேட், கேட் டிசி மூன்றும் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு சின்ன சர்வரில் ஓடுகின்றன. ராத்திரி அதன் நகல் கிளவுடுக்குப் போகிறது. இரண்டாவது லைனை ஒயரில்லாமல் மொட்டை மாடி டவர் வழியாக எடுத்துவிட்டோம். நீங்கள் இரண்டு லைன் வாங்கினால், பில்லைப் பார்க்காதீர்கள். வெளியே போய், ஒயர் எந்தக் கம்பத்தில் ஏறி எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று நடந்து பாருங்கள்.

இதற்கு நேர் எதிர், பில் போடுவது. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் வியாபாரிகளுக்கும் ஏற்றுமதிக்கும் போடுகிற பில்லுக்கு அரசு போர்ட்டலில் ஐ.ஆர்.என். (இன்வாய்ஸ் ரெஃபரன்ஸ் நம்பர்) எண் வாங்கித்தான் ஆக வேண்டும். நெட் இல்லையென்றால் சர்வர் உங்கள் மேஜைக்கு அடியிலேயே இருந்தாலும் அந்த எண் வராது. அப்படியிருக்க, பில்லிங்கை உள்ளே வைத்து எதைக் காப்பாற்றப் போகிறோம்? அது கிளவுடுக்குப் போகட்டும். ஆர்டர், காஸ்டிங், மெர்ச்சண்டைசிங்கும் அப்படியே. ஆர்டரைக் கூடவே இருந்து கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பாதி நாள் டையிங்கிலும் பிரிண்டிங்கிலும்தான் நிற்கிறார். போனில் திறக்க முடிந்தால் அவருக்கு நல்லது.

பழைய புரோகிராமை அப்படியே தூக்கிப் போனால்

இரண்டாவது வகைக்குப் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "கிளவுடுக்குப் போனதிலிருந்து ஸ்லோ". நெட் வேகம் கூட்டினாலும் சரியாகாது. காரணம் தூரம். எங்கள் பழைய புரோகிராம் ஒரு ஸ்டைலைத் திறக்க, ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்கும், கிட்டத்தட்ட 400 தடவை. சர்வர் பக்கத்து அறையில் இருந்தபோது ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட், மொத்தம் 0.2 விநாடி. கண் இமைக்கிற நேரம். அதே சர்வர் மும்பையில் இருந்து, போய்வர 30 மில்லிசெகண்ட் ஆனால், 400 தடவைக்கு 12 விநாடி. ஒரு ஸ்டைலைத் திறக்கப் பன்னிரண்டு விநாடி என்றால் மெர்ச்சண்டைசர் எக்செலுக்குத் திரும்பிவிடுவார், அப்புறம் ஈ.ஆர்.பி.யில் இருப்பது பொய்க் கணக்கு.

அதனால் டேட்டாபேஸை மட்டும் அங்கே அனுப்பிவிட்டு புரோகிராமை இங்கே ஓட்டக் கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், நாம் ரிமோட் டெஸ்க்டாப்பிலோ பிரவுசரிலோ திரையை மட்டும் பார்க்க வேண்டும். இடம் தேர்ந்தெடுக்கும்போது இந்தியாவுக்குள்ளேயே எடுங்கள். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் டேட்டா சென்டர் இருக்கிறது, மைக்ரோசாப்ட்டுக்குப் புனே, மும்பை, சென்னை, கூகுளுக்கு மும்பை, டெல்லி. சிங்கப்பூர் விலை குறைவாகத் தெரிந்து அதைத் தொட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் சட்டமும் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் பேக்கப், தினமும், இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த திருத்தம். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு சாப்ட்வேரில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை யாரும் அணைக்கவும் முடியக் கூடாது. நம்மூர்ப் பையன் எழுதிக் கொடுத்த பழைய கணக்கு புரோகிராமை மூட்டை கட்டி கிளவுடில் ஏற்றும் முன் ஆடிட்டரிடம் இந்த இரண்டையும் காட்டுங்கள். ஏற்றிய பிறகு அவர் "இது செல்லாது" என்றால் வாடகையும் போச்சு.

பெரிய கம்பெனிகளுக்கு, குறிப்பாக எஸ்.ஏ.பி.யின் பழைய ஈ.ஆர்.பி.யான ஈ.சி.சி. 6.0 வைத்திருக்கும் மில்களுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும், ஒரு வார்த்தை. என்ஹான்ஸ்மென்ட் பேக் 6-ஓ அதற்கு மேலோ போட்டிருந்தால் 2027 கடைசியோடு வழக்கமான பராமரிப்பு முடிகிறது, கூடுதல் பணம் கட்டினால் 2030 கடைசி வரை நீட்டிக்கலாம் என்பது அறிவிப்பு. விற்பவர் இதைச் சொல்லித்தான் அவசரப்படுத்துவார். கெடு உண்மைதான், ஆனால் கெடு தாண்டிய மறுநாள் சாப்ட்வேர் நின்றுவிடாது. அதற்கு அடுத்து வந்த எஸ்/4 ஹானாவில் எந்த வகைக்குப் போவது என்று முடிவெடுக்கும் முன், இத்தனை வருடத்தில் உங்களுக்காக எழுதிச் சேர்த்த தனி புரோகிராம்களை எண்ணுங்கள். அதில் எத்தனை கடந்த ஒரு வருடத்தில் ஓடியது என்று பாருங்கள். பாதி ஓடாமல் கிடக்கும். மிச்சத்தில் எது நம் பழக்கம், எது நம் தொழில் என்று பிரிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் கம்பெனி லோகோ வலது பக்கம் வருவது பழக்கம். காம்பாக்டிங்கில் ப்ராசஸ் லாஸை, அதாவது வேலையில் குறைகிற எடையை, கழித்து லாட் வாரியாக வரவு வைப்பது தொழில். தொழில் அதிகம் என்றால் மூன்றாவது வகை கையைக் கடிக்கும்.

ஐந்து வருடக் கணக்கு

ஒரு வருடத்துக்கு ஒப்பிட்டால் கிளவுட் எப்போதும் மலிவு, சர்வர் வாங்க வேண்டியதில்லையே. ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். சொந்த சர்வர் பக்கம் மெஷின், லைசென்ஸ், ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஏசி கரண்ட், இடையில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிய யு.பி.எஸ். பேட்டரி, சர்வர் விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற ஆளின் கூலி. கிளவுட் பக்கம் மாத வாடகை, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., இரண்டு நல்ல லைன், வருடா வருடம் பெருக்கிற பேக்கப் இடம், டேட்டாவை வெளியே இறக்கினால் அதற்குத் தனிக் கட்டணம். டாலரை ஒட்டி விலை இருந்தால் ரூபாய் இறங்க இறங்க பில் ஏறும். ஏற்றுமதிக்காரருக்கு வரவும் டாலரில் வருவதால் கடிக்காது, உள்நாட்டுக்கு மட்டும் விற்கிறவர் யோசிக்க வேண்டும்.

வாடகை மெஷினில் ஒரு சுலபமான மிச்சம் உண்டு. சோதனைக்கு வைத்திருக்கிற சர்வரை யாரும் அணைப்பதில்லை. வாரத்துக்கு 168 மணி நேரம் ஓடும். நமக்குத் தேவை ஆறு நாள், நாளுக்கு 12 மணி, ஆக 72. மிச்ச நேரம் தானாக அணையும்படி வைத்தாலே அந்த மெஷின் வாடகை பாதிக்குக் கீழே வந்துவிடும். பொங்கலுக்கு ஒன்பது நாள் அணைக்காமல் விட்டு நானே வாங்கிக் கட்டிக்கொண்டதால் சொல்கிறேன்.

"தேவைக்கு ஏத்தலாம், இறக்கலாம்" என்பார்கள். வாடகை மெஷினுக்கு அது சரி. மூன்றாவது வகையில் ஆள் கணக்கில் லைசென்ஸ் எடுத்தால் ஏற்றத்தான் முடியும். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த தெரிந்த கம்பெனி ஒன்றில் டேபிள் பாதியானது. மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்த 85 பேர் லைசென்ஸ் மட்டும் 85-ஆகவே நின்றது. வருடத்துக்கு ஒரு முறை கால் பங்காவது குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் மார்ச் கடைசியில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் டார்கெட் இருக்கிறது.

நூல் திரும்பி வருமா?

ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் விற்றதாகக் கணக்கு என்று ஜி.எஸ்.டி. சட்டமே சொல்கிறது. டேட்டாவுக்கு அப்படியொரு சட்டம் நமக்கு இல்லை, நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். முந்தைய சாப்ட்வேர்காரரை விட்டு விலகியபோது ஒன்பது வருட டேட்டாவைக் கேட்டோம். கொடுத்தார், பி.டி.எஃப். ஆக. சட்டையைக் கேட்டால் சட்டையின் போட்டோவைக் கொடுத்தது போல. இரண்டு பெண்களை வைத்து நான்கு மாதம் மறுபடி அடித்தோம்.

பெரிய கம்பெனியிடம் இருப்பதால் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுடில் வைத்திருந்த பிரைவேட் கிளவுட், கூகுள் பக்கத்துத் தவறான அமைப்பால் அழிந்துபோனது. இரண்டு ஊரில் நகல் வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்து போயின என்று அப்போது அறிவித்தார்கள். மீண்டு வர, வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்பும் உதவியது. அதனால் ஒரு நகல் வேறு கையில் இருக்கட்டும், வேறு பாஸ்வேர்டில். பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாமல் அதைத் திறந்தும் பாருங்கள். நான் மாதத்தின் முதல் ஞாயிறு பேக்கப்பை ஒரு காலி மெஷினில் இறக்கி, ஏதாவது ஒரு டைலரின் போன மாதச் சம்பளத்தைத் தேடுவேன். வந்தால் வீட்டுக்குப் போவேன்.

மாறுகிற நாள் என்று பார்த்தால் எங்கள் ஊருக்குப் பொங்கல்தான். ஊர் காலி, மெஷின் சத்தம் இல்லை. மார்ச் கடைசி வேண்டாம், தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் வேண்டவே வேண்டாம். மாறிய பிறகும் நான்கு சனிக்கிழமைச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் போட்டு ஒப்பிட்ட பிறகே பழையதை அணையுங்கள்.

இந்தத் தடவை ஒப்பந்தத்தை நானும் பெரியய்யாவும் உட்கார்ந்து படித்தோம். முப்பத்தெட்டுப் பக்கம். நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்ல, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். வருடத்துக்கு ஒரு தடவை முழு டேட்டாவையும் வேறு சாப்ட்வேரில் ஏற்றக்கூடிய வடிவில், கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டும். விலகினால், பாக்கி எவ்வளவு இருந்தாலும் டேட்டாவைப் பிடித்து வைக்கக் கூடாது. "பாக்கிக்குத் துணியைப் புடிச்சு வெச்ச டையிங்காரன் எத்தன பேர நான் பாத்திருக்கறேன்" என்றார். அந்த இரண்டு வரிக்குப் பதினொரு நாள் இழுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் கூரியரில் வந்தது, இருபத்தேழாம் பக்கத்தில், இரண்டு வரியும் இருந்தது.